மழைக்கால மலைப்பாதையும் துவிச்சக்கர வண்டியின் டயரும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. நான்கு கால்களை ஊன்றி நடக்கும் யானைக்கே அக்கதியென்றால், இரண்டே சக்கரங்களின்மேல் சமநிலை காத்து ஓடும் துவிச்சக்கர வண்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மலைநாட்டின் மழைக்காலப் பாதைகளில் அவ்வண்டியைச் செலுத்துவோர், ஒவ்வொரு வளைவிலும் தம் உயிரை ஒரு சிறு இறப்பர்த் துண்டின்மேல் வைத்துச் செல்கின்றனர். அந்த இறப்பரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு நாம் ஆராயவிருக்கும் பொருள்.

மலைநாடு சைக்கிளுக்கு இசைவான நாடன்று. யாழ்ப்பாணத்துச் சமவெளியில் காணப்படுவதுபோல வீட்டுக்கு வீடு சைக்கிள் இங்கில்லை. ஏற்றத்தில் வண்டியைத் தள்ள வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்க வேண்டும். ஆயினும் 2022-ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், சைக்கிளின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் செல்லும் வீதியிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலும் சைக்கிளில் செல்வோர் சிலரேனும் உளர். வகுப்புக்குச் செல்லும் மாணவனும், கடையில் வேலை செய்யும் இளைஞனும் மழையைக் காரணங்காட்டி வீட்டில் இருந்துவிட முடியாதல்லவா?

மழையோ இங்கு விருந்தாளி அன்று; வீட்டுக்காரனே ஆகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பகுதியை நனைக்கின்றது. அருகிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிகுதியான மழையைப் பெறும் இடங்களுள் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், மழை ஓய்ந்தாலும் மூடுபனி ஓய்வதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் சில நாட்களில் புல்லின்மேல் பனி உறைந்தும் கிடக்கும். ஆகவே நம் வீதிகள் ஆண்டின் பெரும்பகுதியிலும் ஈரமாகவே இருக்கின்றன.

இறப்பரும் நமக்கு உறவே

தேயிலையைப் போலவே இறப்பரும் இலங்கைத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த பயிரே. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசிலிலிருந்து இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். அவ்விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் டன்லொப் என்னும் கால்நடை வைத்தியர், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தளித்தார். அதன்பின் உலகம் இறப்பரைத் தேடி ஓடியது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கைகள் மலையில் கொழுந்தைப் பறித்தன. கீழ்நாட்டுத் தோட்டங்களில் இறப்பர்ப் பாலையும் எடுத்தன.

கலப்பில்லாத இறப்பர் விரைவில் தேய்ந்துவிடும். எனவே அதனுடன் கந்தகமும் கரித்தூளும் பிற பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. டயர் கறுத்திருப்பது அக்கரியினாலேயே. ஈரத்தரையைப் பற்றும் வலிமை பெரிதும் இக்கலவையைப் பொறுத்தது. நீடித்து உழைக்க வேண்டுமென்று மிகக் கடினமாகச் செய்யப்பட்ட டயர், காய்ந்த வீதியில் குறை காட்டாது. நனைந்த வீதியில் வழுக்கும். சிறந்த டயர்களில் சிலிக்கா என்னும் பொருளைச் சேர்த்து ஈரப்பிடிப்பை உயர்த்துகின்றனர். கடையில் இரண்டு டயர்கள் ஒரே நிறமாகத் தோன்றினும், அவற்றின் குணம் ஒன்றன்று.

பூவேலையைப் பார்த்து மயங்கலாமா?

டயர் வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது அதன்மேலுள்ள பள்ளங்களையும் கோடுகளையுமே. பள்ளம் ஆழமாயின் வழுக்காது என்பது பொதுவான நம்பிக்கை. மோட்டார் வண்டிக்கு அது உண்மை. அகன்ற தட்டையான டயர் விரைந்து ஓடும்போது நீரின்மேல் மிதந்துவிடும். அந்நீரை வெளியேற்றப் பள்ளங்கள் வேண்டும். சைக்கிள் டயரோ ஒடுங்கியது, உருண்டையானது, படகின் முனைபோல் நீரைப் பிளந்து செல்வது.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். விமானச் சக்கரங்கள் நீரில் மிதப்பதைப் பற்றி 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஒரு சூத்திரம் வகுத்தனர். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் கடல்மைலில் வரும். அழுத்தம் 49 இறாத்தல் எனில் வர்க்கமூலம் 7. வேகம் மணிக்கு 63 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 117 கிலோமீற்றர். அவ்வேகத்தில் எவர் சைக்கிள் விடுவார்? ஆதலால் தார் வீதிக்கு வழவழப்பான டயரே போதும். தரையில் படும் இறப்பர் அதில் மிகுதி.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிரதான வீதியிலிருந்து லயத்துக்குச் செல்லும் தோட்டப் பாதையில் சேறும் சரளையும் இருப்பின், சேற்றில் பதிந்து பிடிக்கும் பள்ளங்கள் பயன்படும். நடுப்பகுதி வழவழப்பாகவும் இருபுறமும் சிறு முகடுகளோடும் அமைந்த டயர் இரண்டு பாதைகளுக்கும் ஏற்றது.

அகலமும் காற்றும்

பந்தய வண்டிகளில் 23 மில்லிமீற்றர் அகலமுள்ள டயரைப் பூட்டிக் கல்லைப்போல் காற்றடிப்பது முன்பு வழக்கமாயிருந்தது. மழைக்கால மலைப்பாதைக்கு அது ஆகாது. 28 அல்லது 32 மில்லிமீற்றர் அகலம் நன்று. தோட்டப் பாதையும் உண்டெனில் 35 வேண்டும். ஆனால் வண்டியின் முன்கவரும் பிரேக்கும் மட்காட்டும் அவ்வகலத்துக்கு இடங்கொடுக்குமா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

வண்டியும் ஆளுமாக 75 கிலோ, அதாவது 165 இறாத்தல் எடை எனக் கொள்வோம். டயரில் 55 இறாத்தல் அழுத்தமிருந்தால், இரு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 3 சதுர அங்குலமே. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அப்பரப்பே நம்மைப் பள்ளத்தில் விழாமற் காக்கின்றது. காற்றை மிகுதியாக அடித்தால் பரப்பும் குறையும். மேடுபள்ளத்தில் சக்கரமும் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீற்றர் டயரில் சுமார் 70 இறாத்தலும், 32 மில்லிமீற்றர் டயரில் சுமார் 55 இறாத்தலும் போதுமானவை. முன்சக்கரத்தில் இன்னும் சிறிது குறைக்கலாம். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எல்லைகளை எப்போதும் மீறலாகாது.

முன்சக்கரத்துக்கே முதலிடம்

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்னால் சாய்கின்றது. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது திண்ணம். ஆயினும் பின் டயர் விரைவில் தேய்வதால், புதிய டயரைப் பின்னால் பூட்டிவிட்டுப் பழையதை முன்னால் விட்டுவிடுவதே பலரது வழக்கம். இது தவறு. முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் பூட்டுவதே அறிவுடைமை. ஒரு டயருக்கே கையில் பணமுள்ள குடும்பத்துக்கு இம்முறை செலவின்றிக் கிடைக்கும் பாதுகாப்பாகும்.

பக்கங்களில் வெடிப்புக் கண்ட டயரையும், நகத்தால் அழுத்தினால் சற்றும் இடங்கொடாத பழைய டயரையும், விலை மலிவென்று வாங்கலாகாது. அளவைக் குறிக்கும் எண்ணையும் கவனித்தல் வேண்டும். 32-622 என்பதில் முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் அமரும் விட்டம். 26 அங்குலம் என்று சொல்லப்படும் டயர்களிலேயே 559-உம் உண்டு, 590-உம் உண்டு. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குல டயர் 635 ஆகும். பழைய டயரின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

மழைநீர் மேட்டிலிருந்து கூரிய கற்களை வீதிக்கு அடித்துவரும். ஈரமான இறப்பரைக் கல் எளிதில் வெட்டும். ஆதலால் வீடு திரும்பியதும் டயரைத் துடைத்து, பதிந்திருக்கும் சிறு கற்களைக் குச்சியால் எடுத்துவிட்டால் பஞ்சர்கள் பல நேராமலே போகும்.

டயர் எத்துணைச் சிறந்ததாயினும் சில இடங்களில் பயன்படாது. நனைந்த தண்டவாளம், வீதியில் தீட்டிய வெள்ளைக்கோடு, பாசி படர்ந்த சிமெந்து, லொறி சிந்திய எண்ணெய் ஆகியவை எவரையும் வீழ்த்தும். தண்டவாளத்தை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும். இரும்பு ரிம் உள்ள வண்டியில் மழையில் பிரேக் மிகத் தாமதமாகவே பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், மணியும் விளக்கும் பளபளக்கின்றனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், முன் டயரையும் ஒருமுறை தடவிப் பார்ப்பார்களாக. மழைநாளில் அப்பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவது பெரிதும் அதைப் பொறுத்தது.