பட்டை இல்லையென்றால் புரதம் இல்லையா?
பி53 எதிர்ப்பொருள் முடிவுகளைப் படிக்கும் முறை

புற்றுநோய்ப் பாடத்தில் பி53 என்ற பெயர் கட்டாயம் வரும். அது என்ன செய்கிறது என்று கேட்டால் மாணவர்கள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஓர் ஆய்வக முடிவைக் காட்டி “விளக்குக” என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. முதலில் கேள்வியைப் பாருங்கள்.

பயிற்சிக் கேள்வி

டிஓ-1 என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு நான்கு மாதிரிகளில் பி53 தேடப்பட்டது.

தடம் 1: எச்1299 (மனித நுரையீரல் புற்றுநோய் உயிரணு) – பட்டை இல்லை
தடம் 2: எம்சிஎஃப்-7 (மனித மார்பகப் புற்றுநோய் உயிரணு) – மங்கலான பட்டை
தடம் 3: எம்சிஎஃப்-7, டாக்ஸோரூபிசின் மருந்து கொடுத்தது – அடர்ந்த பட்டை
தடம் 4: எலி உயிரணு, அதே மருந்து கொடுத்தது – பட்டை இல்லை

ஆக்டின் புரதத்தின் பட்டை நான்கிலும் ஒரே அளவு. முடிவுகளை விளக்குக.

விடையைப் பார்க்காமல் 5 நிமிடம் யோசியுங்கள். பிறகு தொடரலாம்.

1. பி53 என்பது என்ன?

இது ஒரு படியெடுத்தல் காரணி. டிஎன்ஏ-வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, சில மரபணுக்களைப் படியெடுக்கத் தூண்டும். டிஎன்ஏ சேதமடைந்தால் பி21 என்ற புரதத்தின் மரபணுவை முடுக்கிவிடும். பி21 உயிரணுச் சுழற்சியை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் கொடுக்கும். பழுது மிக அதிகமென்றால், உயிரணு தன்னையே அழித்துக்கொள்ளவும் பி53 வழிசெய்யும்.

1979இல் இது கண்டுபிடிக்கப்பட்டதே எதிர்ப்பொருளால்தான். எஸ்வி40 வைரஸின் புரதம் ஒன்றை எதிர்ப்பொருளால் பிடித்து இழுத்தபோது, கூடவே இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் லேன், பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் ஆய்வுப் பணி செய்தவர்.

பெயரில் உள்ள 53 எங்கிருந்து வந்தது? ஜெல்லில் அது 53 கிலோடால்டன் எடையுள்ள புரதம் போல ஓடியது. உண்மையில் 393 அமினோ அமிலங்கள் கொண்ட இதன் எடை ஏறக்குறைய 44 கிலோடால்டன்தான். புரோலின் நிறைந்த பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்கிறது. ஆக, கருவி காட்டுவது வேறு, பொருள் வேறு. இந்தப் பாடம் பெயரிலேயே இருக்கிறது.

2. எதிர்ப்பொருள் எதைப் பார்க்கிறது?

டிஓ-1, எலியின் உயிரணுக்களிலிருந்து உருவாக்கப்பட்ட ஒற்றை வகை எதிர்ப்பொருள். முழுப் புரதத்தையும் அது பார்ப்பதில்லை. புரதத்தின் முன்முனைக்கு அருகே, சுமார் 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களை மட்டுமே அடையாளம் காணும்.

வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பள்ளி வாசலில் நிற்கும் காவலர், சட்டையில் குத்திய பெயர் அட்டையை மட்டும் பார்த்து மாணவர்களை எண்ணுகிறார். அட்டையைத் தொலைத்த மாணவன் உள்ளேதான் இருப்பான், ஆனால் எண்ணிக்கையில் வரமாட்டான். பி53-க்கும் இப்படி ஒரு குறுகிய வடிவம் உண்டு. முதல் 39 அமினோ அமிலங்கள் இல்லாத அந்த வடிவம் டிஓ-1-இன் கண்ணில் படாது.

3. பட்டை எப்படித் தெரிகிறது?

• உயிரணுவை உடைத்து, புரதங்களை ஜெல்லில் மின்சாரத்தால் பிரிக்கிறோம்.
• பிரிந்த புரதங்களை ஒரு சவ்வுக்கு மாற்றுகிறோம்.
• சவ்வின் காலி இடங்களைப் பால்மா கரைசலால் மூடுகிறோம். இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் கண்ட இடத்திலும் ஒட்டும்.
• டிஓ-1-ஐச் சேர்த்துக் கழுவுகிறோம்.
• நொதி பொருத்திய இரண்டாம் எதிர்ப்பொருள் டிஓ-1-ஐப் பிடிக்கும். நொதியின் வினையால் வெளிச்சம் வரும். அதுதான் பட்டை.

இதற்குத்தான் வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர்.

4. இப்போது விடைக்கு வருவோம்

ஆக்டின் சமமாக இருப்பதால், நான்கு தடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு புரதம் ஏற்றப்பட்டிருக்கிறது. வேறுபாட்டுக்கு அது காரணமல்ல.

தடம் 1: எச்1299 உயிரணுவில் பி53 மரபணுவின் ஒரு பகுதி நீங்கிவிட்டது. புரதமே இல்லை. இது எதிர்மறைக் கட்டுப்பாடு. இங்கே பட்டை வந்திருந்தால் எதிர்ப்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தடம் 2: பி53 உண்டாகிறது, ஆனால் எம்டிஎம்2 என்ற புரதம் அதைக் குறிவைத்து உடனுக்குடன் அழிவுக்கு அனுப்புகிறது. அதனால் கொஞ்சம்தான் மிஞ்சும்.

தடம் 3: மருந்து டிஎன்ஏ-வைச் சேதப்படுத்துகிறது. பி53 பாஸ்பேட் ஏற்று, எம்டிஎம்2-இன் பிடியிலிருந்து தப்பிக் குவிகிறது. “மரபணு அதிகமாகப் படியெடுக்கப்பட்டது” என்று எழுதுவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. முக்கியக் காரணம், புரதம் அழிக்கப்படாமல் நிலைத்திருப்பது.

தடம் 4: எலியிலும் பி53 உண்டு. ஆனால் டிஓ-1 பிடிக்கும் இடத்தில் அமினோ அமில வரிசை வேறு. புரதம் இருந்தும் பட்டை இல்லை!

தடம் 1-உம் 4-உம் பார்வைக்கு ஒன்றுதான், காரணம் முற்றிலும் வேறு. “பி53 இல்லை” என்று இரண்டுக்கும் எழுதினால் பாதி விடைதான் சரி.

5. மருத்துவமனையிலும் இதே கேள்வி

புற்றுநோய்த் திசுவை பி53 எதிர்ப்பொருளால் சாயமேற்றி நோயியல் மருத்துவர் பார்க்கிறார். சில உட்கருக்கள் மட்டும் லேசாக நிறம் பெற்றால், பெரும்பாலும் மரபணு இயல்பாக இருக்கிறது. புற்று உயிரணுக்கள் எல்லாமே அடர்ந்த நிறம் என்றால், செயலிழந்த திரிந்த பி53 அழியாமல் குவிந்திருக்கலாம். “நிறம் அதிகம், பாதுகாப்பும் அதிகம்” என்று நினைத்துவிடாதீர்கள். அறவே நிறமில்லை என்றால் மரபணு சிதைந்து புரதம் உருவாகாமலே போயிருக்கலாம், அல்லது சாயமே சரியாக ஏறாமல் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்திலுள்ள இயல்பான உயிரணுக்களைப் பார்ப்பார்கள். அவற்றில் லேசான நிறம் இருந்தால் சாயத்தில் குறையில்லை. நோயாளியின் அறிக்கையில் எழுதப்போவது இந்த ஒப்பீட்டைப் பொறுத்தது.

நினைவில் கொள்க

பட்டை இல்லை என்றால் “இந்த எதிர்ப்பொருளுக்கு, இந்தச் சூழலில், எதுவும் தென்படவில்லை” என்று முதலில் எழுதுங்கள். பிறகு கட்டுப்பாட்டுத் தடங்களைக் காட்டிக் காரணம் சொல்லுங்கள்.

மேலும் ஒரு கேள்வி: தடம் 4-இல் எலியின் பி53 இருக்கிறது என்று நிரூபிக்க எந்த மாதிரி எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்? மாணவர்களை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.