தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் செங்கோட்டை பாசஞ்சரில் நடந்தது இது. அந்த ரயிலில் ஏறினால் பேட்டை தாண்டுவதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எதிர் சீட்டில் ஒரு பெரியவர்.

"தம்பி எங்க போறிய?"

"அம்பைக்கு."

"ஊரே அம்பைதானா?"

"இல்ல, பாளையங்கோட்டை."

"பாளைல எங்கன?"

தெருப் பேரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிந்தது. அடுத்து என் பக்கத்தில் இருந்த பையன், கல்லூரியில் படிப்பவன் மாதிரி இருந்தான். ஊரைக் கேட்டதற்கு "சேரன்மகாதேவி பக்கம்" என்றான். "பக்கம்னா?" "பக்கத்துலதான்." "எந்தத் தெரு?" பையன் சிரிப்பு மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு நாலு பேர்ட்ட பேசவே தெரியல" என்றார் பெரியவர். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் தப்பு என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது.

இத்தனைக்கும் நானே கூச்சக்காரன்தான். தெரிந்தவர் எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிற ரகம். என்ன பேசுவது என்று தெரியாததுதான் என் பிரச்சினை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான், பெரும்பாலான பேச்சில் 'என்ன' என்பதற்கு அவ்வளவு வேலையே இல்லை என்று தெரிந்தது.

திருநெல்வேலியில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பவருக்கு உங்கள் இட்லிக் கணக்கு வேண்டாம். கையில் பையோடு சந்தைக்குப் போகிறவரைப் பார்த்தே "என்ன அண்ணாச்சி, சந்தைக்கா?" என்பார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஆய்வு செய்த மலினோவ்ஸ்கி இதைப் பற்றி 1923-ல் எழுதினார். செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைக் கட்டுவதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு உண்டு என்றார். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது ஹேண்ட்ஷேக். இரண்டு கம்ப்யூட்டர்கள் தகவல் அனுப்பும் முன் 'இருக்கியா?', 'இருக்கேன், நீ?' என்று சிக்னல் மாற்றிக்கொள்ளுமே, அதேதான். கூச்சக்காரர் செய்கிற தவறு, ஹேண்ட்ஷேக்கையே தேர்வுக் கேள்வியாக நினைத்துச் சரியான விடை தேடுவது.

விடை தேட நேரமும் கிடையாது. 2009-ல் ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்தார்கள் (அந்தப் பத்தில் தமிழ் இல்லை). ஒருவர் கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி செகண்ட். ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பேரைச் சொல்லச் சொன்னால் மூளைக்கு 600 மில்லி செகண்ட் போல ஆகிறது. அப்படியென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்று அர்த்தம். 'அவர் முழுசா முடிக்கட்டும், அப்புறம் யோசிச்சு நல்லதாச் சொல்வோம்' என்று காத்திருப்பவருக்கு இடம் கிடைக்கவே கிடைக்காது. நம்ம ஊர்ப் பேச்சு வேகத்தில் கேட்கவே வேண்டாம். "சாப்ட்டாச்சா", "சும்மா இப்படித்தான்", "வெயில் கொல்லுது" எல்லாம் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் துண்டுகள். அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூளை அடுத்ததை யோசித்துக்கொள்ளும். பெரியவர்கள் சும்மா வைக்கவில்லை.

இன்னொரு ஆய்வும் எனக்கு ஆறுதலாக இருந்தது. 2018-ல் பூத்பி, கூனி, சாண்ட்ஸ்ட்ரம், கிளார்க் நால்வரும் வெளியிட்டது. முன்பின் தெரியாத இருவரைக் கொஞ்ச நேரம் பேசவிட்டு, 'அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது? அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்?' என்று தனித்தனியே கேட்டார்கள். தன்னை எதிராளிக்குப் பிடித்த அளவை ஆட்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்சம் அதிகமுள்ளவர்களிடம் இந்த இடைவெளியும் அதிகம். 'உளறிட்டோமே' என்று ராத்திரி படுத்துக்கொண்டு நினைப்பதில் பாதி நம் கற்பனை.

இவ்வளவும் படித்து, எனக்குப் பேச்சு கொஞ்சம் எளிதாகவும் ஆனது. யாராவது கேட்டால் "பாளையங்கோட்டை" என்று கதவைச் சாத்தாமல், "பாளையங்கோட்டை, அம்பைல ஒரு கல்யாணம்" என்று ஒரு கொக்கி சேர்த்துப் போடப் பழகினேன். இனி எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொடுக்கலாம் என்று இருந்தேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரி செய்தி வந்தது. பள்ளி மாணவன் ஒருவனை உடன் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் நிறக் கயிறு, மோதிரம், நெற்றியில் குறி எதுவும் வேண்டாம் என்பது அதிலுள்ள பரிந்துரைகளில் ஒன்று. எந்த நிறம் எந்தச் சாதி என்று இங்கே பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்தச் செய்திகளைப் படித்தபோதுதான் இயர்போன் பையன் ஞாபகத்துக்கு வந்தான். கயிறு கண்ணுக்குத் தெரியும். "எந்தத் தெரு?" காதில் விழுகிற கயிறு. எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான் பல நேரம். எனக்கு அது ஹேண்ட்ஷேக். அவனுக்கு அது பாஸ்வேர்ட் கேட்பது. அவனுக்குப் பேச நன்றாகவே தெரியும். அந்த இடத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவனிடம் போய்த் 'தன்னம்பிக்கையோட பேசணும் தம்பி' என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

அப்படியானால் பேச்சை எப்படித்தான் ஆரம்பிப்பது? எனக்குக் கிடைத்த துப்பு, இன்று பஸ் இரைச்சலில் கிடக்கும் வண்ணாரப்பேட்டையில். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அங்கேதான் குடியிருந்தார். வக்கீலுக்குப் படித்தவர். 1920-களில் அவர் வீட்டின் வட்டமான முற்றத்தில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். வட்டத்தொட்டி என்ற பேர் அந்த முற்றத்தால் வந்தது. நடுவில் ஒரு கம்பன் பாட்டு இருக்கும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்கள். பேசியது பெரும்பாலும் டி.கே.சி.தான், வந்தவர்களும் படித்த வட்டம்தான். எல்லோருக்கும் திறந்த சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. அதன் அமைப்பைத்தான் பார்க்கிறேன். கவனம் ஆள் மேல் இல்லை, நடுவில் இருக்கும் பாட்டு மேல். அங்கே வந்து உட்கார்ந்த ஒரு கூச்சக்காரர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே பேச்சில் இருந்திருக்க முடியும். ஒரு "ஆஹா" போதும்.

ரயிலில் கம்பன் தேவையில்லை. எதிராளியின் கையில் இருக்கிற பொருள் போதும், ஜன்னலில் தெரிகிற வயல் போதும். ஆளைக் கேட்காமல் பொருளைக் கேட்பது என்று இதற்கு எனக்குள் பேர் வைத்திருக்கிறேன். அப்புறம் அவர் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வி. இப்படித் தொடர்கேள்வி கேட்பவர்களை எதிராளிக்கு அதிகம் பிடிக்கிறது என்று 2017-ல் ஹார்வர்ட் ஆட்கள் ஆய்வும் வெளியிட்டிருக்கிறார்கள். எங்க ஆச்சிக்கு ஆய்வில்லாமலே தெரியும்.

போன மாசம் அதே ரயில். சேரன்மகாதேவியில் ஒரு அம்மா சுருட்டிய பாயோடு ஏறினார். "பத்தமடைப் பாயாம்மா?" என்றேன். அவ்வளவுதான். பேத்தி கல்யாணத்துக்காம், பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு நெய்தது. பிரித்தே காட்டினார். கோரையை ஆத்துத் தண்ணியில் ஊறப்போட்டு, அப்புறம் நூல் மாதிரி கீறுவார்கள் என்றார். ஜன்னலோரம் இருந்த பையன் போனை வைத்துவிட்டு, "ஊறுனா அழுகிடாதா பாட்டி?" என்றான். "ஓடுற தண்ணில போடணும்லே" என்றார். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் பாய்ப் பேச்சிலேயே போய்விட்டது.

அம்பையில் நான் எழுந்தபோதுதான் கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"சரி, பாத்து எறங்குங்க."