உணவுப் பட்டியலில் ஓர் இளவேனில்

அழுகின்ற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா? கூடாது என்றே வீட்டிலும் பள்ளியிலும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆயினும் ஓ ஹென்றியின் ‘ஸ்பிரிங்டைம் ஆ லா கார்ட்’ என்னும் ஆங்கிலச் சிறுகதையைப் படித்தபோது நாம் சிரித்தோம். சிரித்ததனால் கதைத் தலைவி சாராவின் மீது அன்பு குறையவில்லை, கூடிற்று. அது எங்ஙனம் நேர்ந்தது என்று காண்போம்.

ஓ ஹென்றி என்பது புனைபெயர். வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பதே இயற்பெயர். 1862இல் பிறந்து 1910இல் மறைந்த அவர், மருந்துக் கடை, வங்கி, சிறைச்சாலை யாவும் கண்டவர். நியூயார்க் நகரத்து எளிய மக்களைப் பற்றிய அவருடைய கதைகள் 1906இல் ‘தி ஃபோர் மில்லியன்’ என்ற தொகுதியாக வந்தன. இக்கதை அவற்றுள் ஒன்று. ‘ஆ லா கார்ட்’ என்றால் பட்டியலைப் பார்த்து வேண்டிய பண்டத்தைத் தனித்தனியே கேட்டு உண்பது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்காலில் இதைப் பெரியவர்களிடம் கேட்டாலே போதும்.

மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் என்று கதையைத் தொடங்கும் ஆசிரியர், கதையை இப்படி ஒருபோதும் தொடங்காதீர்கள் என்று உடனே நம்மை எச்சரிக்கிறார்! நம் கட்டுரை ஏட்டில் ஆசிரியை சிவப்பு மையால் எழுதவேண்டியதைத் தாமே எழுதிக்கொள்கிறார். அடுத்து, சாரா உணவுப் பட்டியலின்மேல் கண்ணீர் சிந்துகிறாள். காரணம் என்ன? தவக்காலத்தில் ஐஸ்கிரீமை ஒறுத்துவிட்டாள் போலும் என்று நம்மை ஊகிக்க விட்டு, அதுவும் தவறு என்கிறார். நகைக்கு நிலைக்களன் நான்கு என்ற தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலை. இங்கே அந்த எள்ளல் ஆசிரியர்மீதும், அவசரப்பட்டு ஊகிக்கும் நம்மீதும் பாய்கிறது, அழுகிறவளைத் தொடவில்லை. இக்கதையின் நயம் இதுவே என்பது நம் எண்ணம்.

சாராவுக்குச் சுருக்கெழுத்து வராது. எனவே அலுவலக வேலை இல்லை. கிடைத்ததைத் தட்டச்சு செய்து பிழைக்கிறாள். பக்கத்துக் கட்டடத்தில் ஷூலன்பெர்க் என்பவரின் உணவு விடுதி. அவருடைய கையெழுத்துப் பட்டியலைச் சற்றுக் கவனக்குறைவாகப் படித்தால், பல்குச்சியில் தொடங்கிச் சூப்பில் முடிக்க நேரும்! சாரா அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, முறைப்படுத்தி அழகாகத் தட்டச்சிட்டு மறுநாள் காட்டினாள். 21 மேசைகளுக்கும் பட்டியல் அடித்துத் தருவதற்குக் கூலியாக மூன்று வேளை உணவு என்று ஒப்பந்தமாயிற்று. ‘சாரா கெட்டிக்காரி’ என்று ஆசிரியர் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

முந்திய கோடையில் அவள் இரு வாரம் ஒரு பண்ணையில் தங்கினாள். அங்கேதான் பண்ணையார் மகன் வால்ட்டரைக் கண்டாள். அவனை ஆசிரியர் அழகன் என்றோ வீரன் என்றோ வருணிப்பதில்லை. மாட்டுக் கொட்டிலில் தொலைபேசி வைத்திருப்பவன் என்கிறார்! அந்த ஒரு தொடரில் ஆள் முழுவதும் வந்து நிற்கிறான். டாண்டிலியன் என்ற மஞ்சள் பூவால் அவளுக்கு முடி சூட்டினான். வசந்தத்தின் முதல் அறிகுறி தோன்றியதும் திருமணம் என்றான். வசந்தம் வந்தது, இரண்டு வாரமாக மடல் வரவில்லை. அன்றைய பட்டியலிலோ, முட்டையுடன் டாண்டிலியன் கீரை! முடியாய்ச் சூடிய செடி கறியாய் வந்து நிற்கிறது. வேப்பமரம் பூக்கும் பருவத்தில் அதே பூவைப் பச்சடியாக உண்ணும் நமக்கு இது எளிதில் விளங்கும். கண்ணீர் வந்த இடமும் சிரிப்பு வந்த இடமும் ஒன்றே.

அன்று மாலை அவள் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதில் கரடிக்கு அஞ்சி இருவர் மரத்தில் ஏறியிருக்கிறார்கள். கீழே வால்ட்டரின் குரல் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். முதல் சுற்றில் கரடிக்கே வெற்றி என்கிறார் ஆசிரியர். நகரெங்கும் தேடி அலைந்த வால்ட்டர், பசிக்கு அந்த விடுதியில் நுழைந்து பட்டியலைப் பார்த்திருக்கிறான். வரிக்கு மேலே ஏறி நிற்கும் ‘டபிள்யூ’ எழுத்து அவளுடைய பொறிக்கே உரிய கோளாறு என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் டாண்டிலியன் என்ற சொல்லில் ‘டபிள்யூ’ ஏது? கண்ணீருக்கிடையே அவள் கீரையின் பெயருக்குப் பதிலாக அவன் பெயரை அன்போடு அடித்திருந்தாள். முட்டை மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது!

அவன் அந்த விடுதிக்கே வந்தது தற்செயல். இந்த ஆசிரியர் தற்செயலை அளவுக்கு மீறி நம்புகிறவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேசைகளோ 21. அவன் வேறு மேசையில் அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். எந்த மேசையில் அமர்ந்தாலும் அந்த ஏறி நின்ற ‘டபிள்யூ’ கண்ணில் பட்டிருக்கும் என்றாள் மற்றொருத்தி. இடைவேளை மணி அடித்த பின்னும் அவ்வழக்கு முடியவில்லை.