ஆவணியில் ஊற்ற வேண்டிய சவுக்காரம்

தீபாவளி என்றதும் நம் வீடுகளில் முதலில் பேச்சுக்கு வருவது புதுத் துணி, அடுத்தது பட்சணம். பிள்ளைகள் இருக்கும் வீடாயின் பட்டாசு இவ்விரண்டையும் முந்திக்கொள்ளும். ஆனால் அன்று விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஸ்நானம் செய்யப் போகிறவர் கையில் எடுக்கும் சவுக்காரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சீயக்காய்க்கு உள்ள மரியாதைகூட அதற்குக் கிடையாது. மளிகைக் கணக்கில் கடைசி வரியில் வந்து, குளியலறை மாடத்தில் கரைந்து போகிற சாமான் அது. அந்தச் சாமானைக் கையாலேயே செய்து விற்று ஜீவனம் நடத்த முயலும் குடும்பங்களைப் பற்றித்தான் இன்று வாசகர்களிடம் பேச விரும்புகிறோம்.

நாம் மனத்தில் வைத்து எழுதும் ஊர் புதுக்கோட்டை. 1948 வரை சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை அன்று. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பெருஞ்சாலையில், துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கும் சிறிய புதுக்கோட்டை. இந்தப் பக்கத்தில் சவுக்காரத் தொழிலுக்கு என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் உப்புதான். சவுக்காரத்துக்கு வேண்டியவை எண்ணெய், நீர், காஸ்டிக் சோடா என்ற மூன்றே. அந்தக் காஸ்டிக் சோடா எந்த ஆலையிலிருந்து வந்தாலும் அதன் பூர்வீகம் உப்பு. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் குளோரின் வாயுவும் மறுபுறம் காஸ்டிக் சோடாவும் பிரியும். ஆறுமுகனேரிக்கு அருகே சாகுபுரத்தில் உள்ள பெரிய ரசாயன ஆலை இதைத்தான் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறது. கடலோரப் பாத்தியில் வெயிலில் விளைந்தது, மின்சாரத்தில் உருமாறி, எண்ணெயோடு கலந்து, நம் உடம்பின் அழுக்கைப் போக்க வந்து சேர்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இக்கரையில் பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பு. சாதாரணச் சவுக்காரம் அந்த நீரில் நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, தோலில் பிசுக்காக ஒட்டும். தேங்காயெண்ணெய் மிகுதியாகச் சேர்ந்த சவுக்காரமோ உவர் நீரிலும் நுரைக்கும். கடல் நீரிலேயே நுரைக்கும். அதனால்தான் மாலுமிகளுக்கென்று ஒரு காலத்தில் தேங்காயெண்ணெய்ச் சவுக்காரத்தைத் தனியாகவே செய்தார்கள். துறைமுகத்துப் பக்கத்து ஊரில் செய்வதற்கு இதைவிடத் தகுந்த சரக்கு வேறு எது?

செய்முறை கடினமன்று, ஆனால் அலட்சியத்துக்கு இடம் கொடாதது. 700 கிராம் தேங்காயெண்ணெய், 200 கிராம் நல்லெண்ணெய், 100 கிராம் ஆமணக்கெண்ணெய் என்று ஒரு கிலோ சேர்மானம் எடுத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெய் கிலோவுக்கு 183 கிராம் காஸ்டிக் சோடாவைக் கேட்கும். நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் அதைவிடக் குறைவாகவே கேட்கும். கணக்குப் பார்த்தால் மொத்தம் 168 கிராம் வரும். ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மிச்சம் நிற்கும்படி 160 கிராம் மட்டும் போடுவதே உத்தமம், தோல் வறளாது. நீர் 320 கிராம் போதும். சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரம், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தைகள் நுழையாத அறை ஆகிய இவை இல்லாத வீட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கவே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

காரநீர் ஆறியதும் எண்ணெயில் விட்டுக் கடைந்தால் மோர்க்குழம்பு பதத்துக்குத் தடிக்கும். அச்சில் ஊற்றி மூடிவைத்து மறுநாள் கட்டிகளாக அறுக்கலாம். காரம் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள்தாம் ஏமாறுகிறார்கள். கட்டிக்குள் நீர் இன்னும் நிற்கிறது. காற்றாடும் பலகையில், ஒன்றோடொன்று ஒட்டாமல், நாலு முதல் ஆறு வாரம் வரை அது உலர வேண்டும். உலர உலரக் கட்டி இறுகும், எடை குறையும், குளியலறையில் நெடுநாள் தங்கும்.

இந்த ஆறு வாரத்தில்தான் பண்டிகை வியாபாரத்தின் உயிரெல்லாம் இருக்கிறது. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வாங்குகிறவர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்கத் தொடங்குவார்கள். பின்னோக்கி எண்ணினால், கட்டியை ஊற்ற வேண்டிய காலம் ஆவணி; பஞ்சாங்கம் சற்று முன்னதாக விழும் வருஷங்களில் ஆடிக் கடைசி. அப்போது ஊரில் தீபாவளியை நினைப்பவர் யாரும் இரார். ஆர்டர் ஒன்றுகூடக் கையில் இருக்காது. கைப்பணத்தைப் போட்டு எண்ணெய் வாங்க வேண்டும்; யாருக்கு விற்போம் என்று தெரியாமலே 500 கட்டி ஊற்ற வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கட்டிதான் தேறும் என்பதால், 500 கட்டிக்கு 40 கிலோ எண்ணெய் ஆகிறது. தைரியம் வேண்டியது அடுப்படியில் அன்று, இந்த இடத்தில்தான்.

உப்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் உள்ள மட்டும் உப்பு வாரி, ஐப்பசி மழைக்கு முன் குவித்து மூடிவிடுகிறார்கள். மழை இறங்கியபின் உப்பு வாரலாம் என்று எந்த அளக்காரரும் நினைப்பதில்லை. சவுக்காரமும் அதே வெயிலைத்தான் நம்பியிருக்கிறது. பெரிய ஆலைகளில் கொதிக்கும் சவுக்காரத்தில் உப்பைப் போட்டுக் கிளிசரினைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். கையால் செய்த கட்டியில் அது அப்படியே தங்குகிறது. தோலுக்கு நல்லதுதான். ஆனால் கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும், கட்டிகள் பலகையிலேயே வேர்த்து முத்து முத்தாக நீர் துளிர்க்கும். முத்துக் கரையில் அது பார்க்க அழகாகத்தான் இருக்கும், விற்க உதவாது.

இதை நாம் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன், புரட்டாசிக் கடைசியில் திடீரென்று உற்சாகம் பிறந்து, நம் வீட்டிலேயே முப்பது கட்டி ஊற்றினோம். மூன்றாவது வாரத்தில் வர்ணக் காகிதம் சுற்றி, தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்கெல்லாம் பெருமையோடு அனுப்பினோம். பண்டிகை கழிந்து அத்தை வீட்டுக்குப் போனபோது, "ஐயா, உன் சோப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்குக் குளிச்சது நானா, அந்தச் சோப்பான்னுதான் இன்னும் வெளங்கலை!" என்றார்கள். கட்டி மூன்று குளியலுக்குள் களியாகிவிட்டதாம். உறவினராகையால் சிரிப்போடு போயிற்று. விலை கொடுத்து வாங்கியவராயின் சிரித்திருக்க மாட்டார். மறுபடி வாங்கவும் மாட்டார்.

இனி அந்தக் கடைசிப் பதினைந்து நாட்களைப் பார்ப்போம். பலகையில் முற்றிய கட்டி 500, கேட்பு 800. ஒரு ஜவுளிக்கடைக்காரர், வாடிக்கையாளர்களுக்கு இனாமாகக் கொடுக்க 200 வேண்டும் என்கிறார், முன்பணமும் நீட்டுகிறார். போன வாரம் ஊற்றிய கட்டிகள் பார்வைக்கு முற்றியவை போலவேதான் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? அல்லது, இருக்கும் சேர்மானத்தில் மாக்கல் பொடியைக் கலந்து கட்டியைப் பெருக்கினால் என்ன? இந்தக் கேள்விகள் எழாத வியாபாரி இல்லை. கைத்தொழிலாளியிடம் விளம்பரம் இல்லை, ஏஜெண்டுகள் இல்லை. அவரிடம் உள்ள ஒரே முதல், போன வருஷம் வாங்கியவர் இந்த வருஷமும் வருவார் என்பதுதான். அந்த முதலை இருநூறு பச்சைக் கட்டிக்கு விற்பது என்ன வியாபாரம்? கடைக்காரரிடம் மரியாதையாக, "இப்போது இல்லை, கார்த்திகையில் தருகிறேன்" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்புவதே சரி. மனம் வலிக்கும், சந்தேகமில்லை.

எடை விஷயமும் அவசரத்தில் தவறிப் போவது. ஈரத்தில் 100 கிராம் நிறுத்து, உறையில் 100 என்று அச்சிட்டுவிட்டால், தீபாவளியன்று கட்டி 87 கிராம்தான் இருக்கும். 115 கிராமாக அறுத்தால்தான் முற்றியபின் 100 நிற்கும். உறையில் எடை, விலை, செய்தவர் விலாசம், செய்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. 1982-ல் செய்த திருத்தத்தினால், மறு வருஷம் முதல் குளியல் சவுக்காரமும் அழகுசாதனப் பொருள்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆகவே விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் உரிமம் வேண்டும். வீட்டுத் தொழில்தானே என்று இருந்துவிட்டு, பண்டிகை நெருக்கத்தில் மனுவோடு அலைவதில் பிரயோஜனமில்லை. உரிமமும் ஆவணிக்கு முன் முடிய வேண்டிய காரியமே.

விலைக்கு வருவோம். இங்கே தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே எதிர்க் கம்பெனி, சும்மாவே ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் இனாமாகத் தருவதாகச் சொல்லிற்று. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார்; 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. தேசபக்தியில் குறைவிருந்து தோற்றதன்று. நஷ்டத்தைத் தாங்கும் பணப்பை எதிரியிடம் பெரிதாக இருந்தது. விலைக் குறைப்பில் பெரியவனோடு போட்டியிடும் சிறியவன் நிலை எப்போதும் இதுதான்.

2025-ம் வருஷத்துத் தீபாவளி இதை மறுபடி நினைவூட்டிற்று. அவ்வருஷம் அக்டோபர் 20-ம் தேதி பண்டிகை. செப்டம்பர் 22-ம் தேதி குளியல் சவுக்காரத்தின் மீதிருந்த 18 சதவிகித வரி 5 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் விற்று, வரிப் பதிவே இல்லாத குடிசைத் தொழிலாளிக்குக் குறைக்க வரி எங்கே இருக்கிறது? போதாததற்கு அந்த வருஷம் தேங்காயெண்ணெய் விலை, இல்லத்தரசிகள் எல்லாரும் அறிந்தபடி, தாறுமாறாக ஏறியிருந்தது. ஆலைக் கட்டியின் விலை இறங்க, கைக்கட்டியின் அடக்க விலை ஏறிற்று. பழைய விலைக்கே தருவதாகச் சித்திரையில் வாக்குக் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும். எண்ணெயைக் கையில் வாங்கிய பிறகே விலையைச் சொல்ல வேண்டும். விலை கூடுதல் ஏன் என்று கேட்பவரிடம் சேர்மானத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெயில் செய்தது, ஆறு வாரம் முற்றியது, உவர் நீரில் நுரைப்பது என்பவை ஆலைக்காரன் விலையைக் குறைத்தாலும் குறையாதவை.

தீபாவளி முடிந்தால் கிறிஸ்துமஸ். பரதவ மக்கள் நிறைந்த இக்கரையில் அது சிறிய பண்டிகையன்று. அதைத் தொடர்ந்து பொங்கல். ஆனால் அவற்றுக்கான கட்டிகளை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றினால் உலராது. புரட்டாசி வெயில் ஓய்வதற்குள் ஊற்றி, இறுகிய பின் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதும் கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இம்மாவட்டத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று, குளங்கள் உடைந்தன, தாமிரவருணி கரை கடந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு நிகழ்ந்தது இது. தரையில் அடுக்கிய சரக்கு எதுவும் அத்தகைய வெள்ளத்தில் தப்பாது. சவுக்காரமோ பெட்டியோடு நுரையாகப் போய்விடும். ஆகையால் பரண் உள்ளவர்கள் பரணில் ஏற்றுங்கள். இல்லாதவர்கள் மெத்தை வீடுள்ள உறவினரைக் கேளுங்கள். வெளியூர்ப் பார்சல்களையும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுவது நலம்.

பொங்கலுக்குப் பின் சில நாள் ஓய்வு. அப்புறம் உப்பளத்தில் பாத்திகளைச் செப்பனிடும் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும்போது, எவர்சில்வர் பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கலாம். பங்குனிச் சரக்குக்கு முதல் கலவையை ஊற்றும் தேதியை ஒரு சீட்டில் எழிப் பலகையோரம் ஒட்டிவைக்க மறக்க வேண்டாம். இருநூறு கட்டி இன்றே வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், அந்தச் சீட்டைக் காட்டலாம்.