பிற்பகல் மேடையும் பின்வரிசைச் செவியும்

‘பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரியா? அதுவும் இலவசமா? கேட்பார் யார்?’ என்று நகைத்தார் என் அறைத்தோழர். நகைத்தவரையும் அழைத்துக்கொண்டே சென்றேன். நம் சங்கத்துத் தம்பி ஒருவர் மலையாள நண்பர்களோடு கூடி இசைக்குழு ஒன்று அமைத்திருக்கிறார். அன்று அவருக்கு முதல் மேடை. தாமே எழுதிய தமிழ்ப் பாட்டும் உண்டு என்றார். நெல்லையை விட்டு வந்து ஈராண்டு ஆன எனக்கு, போகாதிருக்க மனம் வருமா?

இலவசக் கச்சேரி திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் ஜனவரியில் குதிரமாளிகையில் நடைபெறும் சுவாதித் திருநாள் இசைவிழாவை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். வெள்ளையம்பலத்தை அடுத்த மானவீயம் வீதியில், கவிஞர் வயலாரின் சிலை நிற்கும் அந்த மர நிழலில், மாலை வேளைகளில் இளைஞர் கூடிப் பாடுவர்.

இந்த இளங்குழுக்களின் இசையை ‘இண்டி’ என்கின்றனர். தற்சார்பு இசை என்று நாம் சொல்லலாம். திரைப்படத்தின் கதைக்காக அன்றி, தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, பெரும்பாலும் தம் கைப்பொருள் கொண்டே பதிவு செய்வது அது. 2003-இல் இந்நகரில் தோன்றிய ‘அவியல்’ குழு, ராக் இசையில் மலையாளத்தை முழங்கி வழிகாட்டிற்று. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவோடு ராக்கையும் ராப்பையும் இணைத்துச் சாதியை எதிர்த்துப் பாடிற்று.

அன்று நடந்தது என்ன? வெயிலுக்கு அஞ்சி, மைதானத்தின் கடைசியில், மரநிழலில் நின்றோம். தம்பி பாடினார். தாளம் வந்தது, சொல் வரவில்லை. மேடையிறங்கி ஓடிவந்தவர், “அண்ணே, பாட்டு நல்லாக் கேட்டுதா?” என்றார். “கேட்டுது, தம்பி” என்றேன். பொய்! அந்தப் பொய் உறுத்தியதால்தான் இக்கட்டுரை.

குறை அவர் குரலிலா? இல்லை. இயற்பியல் கூறுவதைக் கேளுங்கள். திறந்தவெளியில், சிறிய ஒலிபெருக்கியிலிருந்து தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் நிற்பவர் செவிக்கு எட்டும் ஒலியாற்றலில் 64-இல் ஒரு பங்கே 80 மீட்டரில் நிற்பவருக்குக் கிட்டும். அரங்கமாயின் சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்பும். மைதானத்துக்குச் சுவர் ஏது?

இன்னொன்றும் உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். பிற்பகலில் தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடச் சூடானது. ஆதலின் ஒலி அலை தரைப்பக்கம் விரைந்து, மேல்நோக்கி வளையும். தொலைவில் நிற்பவர் தலைக்கு மேலே பாட்டுப் போய்விடும். தரை குளிர்ந்த இரவிலோ, அதே அலை கீழ்நோக்கி வளையும். இரவில் தொலைதூரக் கோயில் பாட்டு நம் ஊரில் தெளிவாகக் கேட்பது இதனாலும்தான்.

பெரிய விழாக்களில் நடுவிலும் ஒலிபெருக்கிகள் நிறுத்துவர். 34 மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகும்; அந்த அளவு தாமதித்து ஒலிக்கச் செய்வர். இலவச நிகழ்ச்சிக்கு அத்தனை பணம் ஏது? மேலும், கடைசியில் பாடும் பெரிய குழுவே வழக்கமாக முதலில் ஒலிச்சோதனை செய்யும். முதலில் பாடும் புதியவர்க்கு எஞ்சிய சில நிமிடங்களே.

ஆக, வெயிலும் தொலைவும் நேரமும் புதியவனுக்கே பகை. வெயிலை நாம் மாற்ற இயலாது. நேரமும் நம் கையில் இல்லை. தொலைவு மட்டும் நம் கால்களில் இருக்கிறது! 80 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு நடந்தால் 12 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். செலவு, சிறிது வியர்வை.

நுழைவு இலவசமே, ஆயினும் பாடுபவன் இலவசமாக உழைக்கவில்லையா? அவனுக்கு நாம் தரக்கூடிய கட்டணம் முன்வரிசைச் செவி. தோழர்களே, தம்பியின் அடுத்த பாட்டுக்குக் குடையோடு முன்னே வாருங்கள். நான் அங்கு நிற்பேன்; இம்முறை பொய் சொல்ல வேண்டியிராது.