கனவில் அலறினால் எழுப்பும் நாய்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலே ஏறினால், தோட்டத்து லயங்களில் எங்கேயாவது ஓர் இஸ்தோப்பில் சாக்கின் மேல் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். சிறுத்தை வந்தால் முதலில் குரைப்பது அதுதான், பல நேரம் முதலில் அகப்படுவதும் அதுதான். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தால் மனப்பாரம் குறையும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழப்பம் வருவது வெளிநாட்டிலிருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் பேசும்போதுதான்: "இங்க மனசு சரியில்லாதவங்களுக்கு நாய் குடுக்குறாங்க, பிளேன்லயும் ஏத்தலாம்." அதில் பாதிதான் சரி.

சேவை நாய் என்பது ஒருவருடைய குறைபாட்டுக்கு ஏற்ற வேலையைச் செய்யவென்றே பழக்கிய நாய். பார்வையில்லாதவரை வழிநடத்தும் நாயைப் போலத்தான், கொடிய சம்பவமொன்று விட்டுச்சென்ற மனவடு உள்ளவருக்கான நாயும். அவர் நள்ளிரவில் கனவு கண்டு துடித்தால் மூக்கால் முட்டி எழுப்பும். நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் மடிமேல் ஏறித் தன் பாரம் முழுவதையும் போட்டுப் படுக்கும். அந்தப் பாரமும் சூடும், பழைய சம்பவத்துக்குள் போய்விட்ட உடம்பை இந்த அறைக்கு இழுத்துவரும். வரிசையில் நிற்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் குறுக்கே நின்று, யாரும் உரசாதபடி இடம் விடவைக்கும். இதையெல்லாம் பழக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். எல்லா நாயும் தேறுவதுமில்லை.

ஆறுதல் பிராணிக்கு அப்படியொரு வேலை கிடையாது. கூட இருப்பதே அதன் வேலை, ஆகவே அது பூனையாகவோ முயலாகவோகூட இருக்கலாம். மூன்றாவதாக, வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் அழைத்துச் செல்லப்பட்டு மற்றவர்களிடம் பழகும் சிகிச்சை நாய் உண்டு. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பின் ‘டாக்டர் டாக்’ திட்டம் இந்த வகை.

பிளேன் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி கடைக்கும் உணவகத்துக்கும் கூட்டிப்போகும் உரிமை பயிற்சி பெற்ற சேவை நாய்க்குத்தான். ஆறுதல் பிராணிக்கு அந்த உரிமை இல்லை. விமானங்களில் மட்டும் சிலகாலம் இடம் இருந்தது. மயிலையெல்லாம் கூட்டிக்கொண்டு ஆட்கள் விமான நிலையத்துக்கு வந்ததும், 2021 முதல் ஆறுதல் பிராணியைச் சாதாரண வளர்ப்புப் பிராணியாகவே கொள்ளலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். இணையத்தில் விற்கும் ‘சேவை நாய்ச் சான்றிதழ்’ அமெரிக்காவிலேயே சட்டப்படி செல்லாத காகிதம். அதற்குக் காசு கட்டி மாத்தளைக்கு வரவழைக்க வேண்டாம்.

நாயால் உண்மையில் குணம் தெரிகிறதா? 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 156 முன்னாள் படைவீரர்களை எடுத்துக்கொண்டது. சேவை நாய் கிடைத்தவர்களுக்கு, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட, 3 மாதத்தில் மனவடுவின் அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. இரு தரப்பினருமே வழக்கமான சிகிச்சையை நிறுத்தவில்லை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். அதைவிட நமக்குப் பயன்படுவது அந்நாட்டுப் படைவீரர் நலத்துறை நடத்திய இன்னோர் ஆய்வு. ஒரு பகுதியினருக்குச் சேவை நாயும் மற்றவர்களுக்கு நல்ல பழக்கமுள்ள ஆறுதல் நாயும் கொடுத்துப் பார்த்தார்கள். மனவடு அறிகுறிகளில் சேவை நாய் கொஞ்சம் முந்தியது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் இஸ்தோப்பில் கிடக்கும் நாயை அவ்வளவு இளக்காரமாக எண்ண வேண்டியதில்லை.

ஆனால் மாத்தளைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் சிங்கள இளைஞர்கள் இரவோடிரவாகக் காணாமல் போனார்கள். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை எந்தக் காலத்தவை என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவருக்கு நள்ளிரவு நாய்க்குரைப்பு என்னவாகக் கேட்கும்? யாரோ வருகிறார்கள் என்பதற்கு முதல் அடையாளமே அதுதானே. வெளிநாட்டுக் கையேடுகள் நாயை ஆறுதல் என்றே தொடங்குகின்றன. இங்கே முதலில் அவரிடம் கேட்க வேண்டும்: நாய் குரைத்தால் உங்களுக்கு என்ன செய்கிறது? நெஞ்சு அடைக்கிறது என்றால் நாயை விட்டுவிடுங்கள். ஒரு பசுக்கன்றோ, கோழிகளோ, முற்றத்துக்கு வரும் மைனாக்களோ போதும்.

நாய் வேண்டும் என்கிறவருக்குக் குட்டி வேண்டாம். குட்டி இரவெல்லாம் அழும். தூக்கமில்லாதவருக்கு அது இன்னொரு சுமை. வளர்ந்த, சத்தத்துக்கு மிரளாத, கடிக்காத நாயாகப் பாருங்கள். ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்ற மூன்று சொல்லுக்குக் கட்டுப்பட்டால் நல்ல தொடக்கம். அவர் படுத்துக்கொண்டு கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து சாய்ந்தால் ஒரு துண்டு ரொட்டி கொடுத்துப் பழக்கலாம். அடித்துப் பழக்கிய நாய் ஆறுதலுக்கு உதவாது, அது தானே மனவடுவோடு திரியும்.

நாய் வந்ததும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் கண்முன் வந்துகொண்டிருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போகலாம், காசு கேட்கமாட்டார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவி அது.

நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. வருடம் தவறாமல் போட்டு, அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நாயேயானாலும் பல் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.