எண்ணெய் அமுக்கமும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் வண்டிக்கு இன்றியமையாதது யாது என வினவின், பெற்றோல் என்றே பலரும் விடை பகர்வர். பெற்றோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். மீண்டும் ஊற்றினால் ஓடும். எஞ்சின் எண்ணெயின் அமுக்கம் வீழ்ந்தாலோ எஞ்சினே அழியும். இவ்வபாயத்தை அறிவிக்கவே வண்டியின் முகப்பில் ஒரு சிறு விளக்கு அமைக்கப்பட்டுள்ளது. அதன் குறிப்பை உணர்ந்துகொள்ளல் பழைய வண்டிகளைப் பேணுவோர்க்கு அவசியமாகும். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் உழைத்த மொறிஸ் மைனரை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

முதற்கண் எண்ணெயின் தொழிலை அறிதல் வேண்டும். 1883ஆம் ஆண்டு பியூச்சாம்ப் ரவர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புகைவண்டி அச்சுக்களின் போதிகைகளை ஆராய்ந்தபோது, போதிகையின் மேற்புறத்தில் இட்ட துளைவழியே எண்ணெய் மேலெழக் கண்டார். துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இடுக்கினுள் இழுத்து, அமுக்கமுள்ள படலமாக்கி, அதன்மேல் மிதக்கின்றது என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று. 1886ஆம் ஆண்டு ஒஸ்போன் றெய்னோல்ட்ஸ் என்பார் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். இப்படலம் அறாதவாறு எண்ணெயை இடைவிடாது ஊட்டுவதே எஞ்சினிலுள்ள பம்பின் கடமை.

பம்பு எண்ணெயைத் தள்ளுகின்றது. ஒடுங்கிய இடுக்குகள் அதனைத் தடுக்கின்றன. அத்தடையினாலேயே அமுக்கம் பிறக்கின்றது. ஆகவே அமுக்கம் குறைவதற்குக் காரணம் இரண்டே: ஒன்று, வரும் எண்ணெய் குறைதல், மற்றையது, தடை குறைதல். எண்ணெய் மட்டம் இறங்குதல், தொட்டியிலுள்ள வடி அடைபடுதல், பம்பு தேய்தல் ஆகியன முதல்வகை. எண்ணெய் நீர்த்துப்போதல், போதிகைகள் தேய்ந்து இடுக்குகள் அகலுதல், மிகையமுக்கத்தைத் தணிக்கும் வால்வு மூடாது நிற்றல் ஆகியன இரண்டாம்வகை.

ஓட்டத்தின்போது விளக்கு எரியுமாயின், உடனே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். வீடு அண்மையில் உள்ளதே என்று ஓட்டிச்செல்லல் ஆகாது. சமதரையில் சிறிது நேரம் விட்டபின் அளவுகோலை எடுத்து மட்டத்தைப் பார்த்தல் முதற்படி. மட்டம் சரியாயின் ஆளியையும் வயரையும் சோதித்தல் வேண்டும். அமுக்கம் இல்லாதபோது ஆளி மின்சுற்றை எஞ்சினுடன் இணைத்து விளக்கை எரியச் செய்யும். எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் திருப்பி, ஆளியிலுள்ள வயரைக் கழற்றினும் விளக்கு அணையாதாயின், வயர் எங்கோ வண்டியின் உடலைத் தொடுகின்றது எனக் கொள்ளலாம். அணையுமாயின், குற்றம் ஆளியிலா எஞ்சினிலா என்பதை அமுக்கமானியே தீர்மானிக்கும். ஆளியைக் கழற்றி அவ்விடத்தில் அதனைப் பொருத்துக. இவ்வகை எஞ்சின் நல்ல நிலையிலிருப்பின், சூடேறிய பின் மெதுவாக இயங்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 இறாத்தலும், வீதியில் ஓடும் வேகத்தில் ஏறத்தாழ 60 இறாத்தலும் காட்டும்.

மானியின் வாசிப்பு நோயையும் ஓரளவு காட்டும். குளிர்ந்தபோது நன்றாயிருந்த அமுக்கம் சூடேறியதும் வீழுமாயின், எண்ணெய் நீர்த்திருத்தல் அல்லது போதிகைகள் தேய்ந்திருத்தல் கூடும். பாரத்தோடு ஏறும்போது ஆழ்ந்த தட்டொலியும் கேட்குமாயின் போதிகைத் தேய்வு பெரும்பாலும் உறுதி. குளிரிலும் சூட்டிலும், எவ்வேகத்திலும் அமுக்கம் உயராதாயின், தணிப்பு வால்வில் அழுக்குச் சிக்கியுள்ளதா, அதன் சுருள்வில் தளர்ந்துள்ளதா எனப் பார்த்தல் தகும். மைனரில் இவ்வால்வை எஞ்சினைப் பிரிக்காமலே வெளியிலிருந்து கழற்றலாம். ஆதலின் செலவு மிக்க வேலையைத் தொடங்குமுன் இதனைச் சோதித்தல் சிக்கனமாகும்.

மட்டம் நிறைந்திருந்தும் அமுக்கம் குறைவதுண்டு. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், இவ்வண்டிகள் சிறிதளவு பெற்றோலால் இயக்கிவைக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி உருளைச் சுவர்வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதன் பிசுக்குமையைக் குறைக்கும். அப்பொழுது அளவுகோலில் மட்டம் குறைவதற்கு மாறாகக் கூடும். காபுறேற்றர் மிகைப் பெற்றோலை விடும் வண்டியில் இன்றும் இதுவே நிகழும். அளவுகோலை முகர்ந்தால் எரிபொருள் மணம் உண்மையை உரைக்கும். காரணத்தைத் திருத்திப் புதிய எண்ணெய் ஊற்றுவதே இதற்குப் பரிகாரம்.

தடித்த எண்ணெய் ஊற்றுதலும், வால்வின் சுருள்வில்லுக்கு வளையம் வைத்து இறுக்குதலும் சிலர் கையாளும் உபாயங்கள். இவற்றால் மானியின் முள் உயரலாம். தேய்ந்த போதிகை வளராது. காலத்தில் போதிகை ஓடுகளை மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, தண்டு கீறுண்டபின் அதனையும் கடைந்தெடுக்கும் பெருஞ்செலவாய் முடியும். வாடகை வண்டியால் வாழும் குடும்பத்துக்கு அது பல மாத உழைப்பாகும்.

எரியும் விளக்கினும் அஞ்சத்தக்கது எரியாத விளக்கு. சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் இயங்குமுன், அவ்விளக்கு எரிதல் வேண்டும். எரியாதாயின் குமிழோ வயரோ பழுதுற்றது. அபாயம் வரும்போதும் அது வாய்திறவாது. நாடோறும் ஒரு கணம் அதனை நோக்குதல் செலவற்ற காவலாம்.